தாய்மாமனை மறைத்த சிவப்புப் பெட்டி

எங்கள் கடைக் கம்ப்யூட்டருக்கு என்ன வயசு என்று யாரும் கேட்கக் கூடாது. கேட்டால் எனக்குக் கோபம் வரும். கோபம் எனக்கு எதற்கும் வரும் என்று என் வீட்டுக்காரர் சொல்லுவார், அதைச் சொன்னாலும் வரும்.

சாலைக் கடைத்தெருவில், ஆரியசாலையில், ஒரு பக்கம் மல்லி மண்டி, மறுபக்கம் வெல்ல மண்டி, நடுவில் ஒடுங்கிக் கிடக்கிற ஒற்றை அறை. அதுதான் எங்கள் டி.டி.பி. கடை. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, பால்காய்ப்பு, கோயில் கொடை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி எல்லாம் தமிழிலும் மலையாளத்திலும் அடித்துக் கொடுப்போம். இங்கே ஒரு காப்பி எடுத்துக் காட்டி, வந்தவர்கள் சரி என்று தலையாட்டிய பிறகுதான் மொத்தமாக அடிக்க பிரஸ்ஸுக்குப் போகும். பத்திரிகைக்கு வேண்டிய பழைய சாஃப்ட்வேரும் பழைய தமிழ் ஃபான்ட் எழுத்துகளும் அந்தக் கிழட்டுக் கம்ப்யூட்டரில்தான் ஓடும். புது மெஷினில் ஏற்றிப் பார்த்தோம், மணமகன் பெயர் முழுக்கச் சதுரம் சதுரமாக வந்தது. அதனால் அதை மாற்ற முடியாது, அப்டேட் போடவும் பயம். ஆன்ட்டிவைரஸ் என்று ஒன்று இருந்தது, அது எப்போதோ காலாவதியாகிப் போய்விட்டது.

என் வீட்டுக்காரர் நல்லவர். இனிமேல் அவரைத் திட்டப் போகிறேன் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவரிடம் ஒரே ஒரு கோளாறு, கண்ணுக்கு முன்னால் மின்னுகிற எதையும் அமுக்கிப் பார்க்காமல் இருக்க மாட்டார். கம்ப்யூட்டர் "சம்மதமா?" என்று எதைக் கேட்டாலும் அவருக்குச் சம்மதம்தான். என்னைப் பெண் பார்க்க வந்த அன்றும் அப்படித்தான், காபியில் சீனி போதுமா என்று என் அம்மா கேட்டதற்குச் சம்மதம் என்று சொன்ன ஆள்.

அடுத்த சந்தில் மாவுமில் நடத்துகிற அக்கா ஒருத்தி இருக்கிறாள். தலைமுடியில் எப்போதும் மாவு, கையில் எப்போதும் மஞ்சள் வாசம். அவள் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள், மில் அக்காவைத் தவிர. அவளுடைய அண்ணன் அவளோடு பேசி வருஷக்கணக்காகிவிட்டது. அண்ணன் நாகர்கோவில் பக்கம் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். அப்பா இல்லாத வீட்டில் அலைந்து திரிந்து மாப்பிள்ளை பார்த்து, அக்காவைக் கல்யாணம் பண்ணிக் கொடுத்தது அவர்தான்.

சண்டை எதனால்? ஒரு பத்திரிகையால். அக்கா வீடு கட்டிப் பால் காய்ச்சினபோது அடித்த பத்திரிகையில் அண்ணன் பெயர் விட்டுப்போய்விட்டது. அடித்தது எங்கள் கடை இல்லை, அதை அழுத்திச் சொல்லுகிறேன். அடித்த புண்ணியவான் மேலே லட்சுமி படத்தைப் பெரிசாக்குவதற்காகக் கீழே இரண்டு வரியை வெட்டியிருக்கிறான். வெட்டின வரியில் போயிற்று தாய்மாமன் பெயர். அக்கா கவனிக்காமல் ஊரெல்லாம் கொடுத்துவிட்டாள். எங்கள் பக்கத்தில் பத்திரிகையில் மாமன் பெயர் இல்லையென்றால், நீ எங்களுக்கு ஒன்றுமே இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. அன்றைக்கு நின்றதுதான் இரண்டு வீட்டுப் போக்குவரத்து.

"மாமன் மாலை எடுத்துக் குடுக்காம எம்பிள்ளை எப்படி மணையில இருப்பா?" என்று அக்கா என்னிடம் வந்து உட்கார்ந்து அழுதாள். அண்ணன் வீட்டுக்கு நேரிலேயே போயிருக்கிறாள். இவள் குரல் கேட்டதும் அவர் பின்வாசல் வழியாகக் கடைக்குப் போய்விட்டாராம்.

"வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பாருங்களேன்" என்று என் வீட்டுக்காரர் சொன்னார்.

"தட்டுல வெத்திலை பாக்கு வச்சு, பத்திரிகையில மஞ்சள் தொட்டு, கையில குடுக்கணும். அதுதான் அழைப்பு. போன்ல அனுப்புகது அறிவிப்பு" என்றாள் அக்கா. எனக்கு அவளைப் பிடிக்கும் என்றால் இதற்காகத்தான்.

வழி எப்படிக் கிடைத்தது என்றால், அண்ணன் சரக்கெடுக்க எதிர்வரிசையில் உள்ள பருப்புக் கடைக்குத்தான் வருவார். வருகிற நாளை அந்தக் கடைக்காரர் சொல்லிவிட்டார். காலையில் வந்தால் மதியத்துக்குள் டெம்போவில் சரக்கை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார். அதற்குள் முதல் பத்திரிகையை எடுத்து, நடுத்தெருவில் நாலு பேர் பார்க்க அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். நாலு பேர் முன்னால் தட்டைத் தட்டிவிடுகிற மனுஷன் இல்லை அவர் என்பது அக்காவின் கணக்கு.

அன்று காலையில் அக்கா தட்டோடு வந்துவிட்டாள். வெற்றிலை, பாக்கு, பழம், தேங்காய், சொந்த மில்லில் அரைத்த மஞ்சள்தூளைக் குழைத்து ஒரு கிண்ணத்தில். பத்திரிகை கம்ப்யூட்டரில் ஏறக்குறைய தயார். மாமன் பெயரை மட்டும் "இன்னும் கொஞ்சம் பெரிசாக்கு மக்கா, இன்னும் கொஞ்சம்" என்று கேட்டுக் கேட்டு, மாப்பிள்ளை பெயரை விடப் பெரிசாக்க வைத்துவிட்டாள். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் கேட்டால் நான் என்ன சொல்லுவேன் என்று சண்டை போட்டேன். அவள் அசையவில்லை. பிரின்ட் கொடுக்கப் போகிற நேரத்தில் பையிலிருந்து ஒரு பழைய பத்திரிகையை எடுத்தாள். அவளுடைய சொந்தக் கல்யாணப் பத்திரிகை. மஞ்சளாகிப் போன காகிதத்தில் "திருமண அழைப்பிதழ்" என்ற தலைப்பு மட்டும், எழுத்தின் வாலில் சின்னப் பூ பூத்து, வளைந்து வளைந்து அழகாக இருந்தது.

"இது அண்ணன் பிரஸ்ஸுல கூடவே நின்னு போட்டது. தலைப்பு இதே எழுத்துல வந்தா அவருக்கு ஞாபகம் வரும்லா."

அந்த எழுத்து எங்களிடம் இல்லை, இப்போது யாரிடமும் இருக்காது, பிரின்ட் எடுப்போம் என்றேன். பின்னாலிருந்து என் வீட்டுக்காரர் குரல் வந்தது. "நெட்டுல எல்லாம் கிடைக்கும்."

அப்போதே நான் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கக் கூடாது. டெம்போ வந்துவிட்டதா என்று பார்க்கத் தெருவில் இறங்கினேன். வந்துவிட்டது, பாதி சரக்கு ஏறியும் விட்டது. வெள்ளை வேட்டியில் அண்ணன் நின்று மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார். ஓடி வந்து பார்த்தால் என் வீட்டுக்காரர் முகத்தில் பெருமை.

"பாத்தியா, ஓசியிலேயே வைரஸ் புடிக்கான்!"

திரையில் பத்திரிகைக்கு நடுவில் ஒரு சிவப்புப் பெட்டி. அதில் கேடயம் மாதிரி ஒரு படம், பக்கத்தில் வைரஸ்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருந்தது. உங்கள் கம்ப்யூட்டர் ஆபத்தில் இருக்கிறது, உடனே காசு கட்டினால் காப்பாற்றித் தருகிறோம் என்று இங்கிலீஷில் மிரட்டல்.

என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். நிதானமாகச் சொன்னார், அந்த நிதானம்தான் என்னைக் கொல்லும். இலவசத் தமிழ் எழுத்து என்று தேடியிருக்கிறார். ஒரு பக்கம் திறந்தது. அதில் டவுன்லோட் என்று ஐந்தாறு பொத்தான். எது நிஜம் என்று தெரியவில்லை, அதனால் இருப்பதிலேயே பெரிசாக, பச்சையாக, மின்னிக்கொண்டிருந்ததை அமுக்கினார். அது எழுத்து இல்லை. உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் இருக்கிறது, இலவசமாகச் சோதிக்கட்டுமா என்று கேட்டது. சம்மதம். இதை உள்ளே போடட்டுமா என்றது. சம்மதம். பழைய விண்டோஸ் பாவம், வேண்டாம் என்று அதுவும் ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்திருக்கிறது. அதற்கும் சம்மதம்!

"வேலியில போற ஓணானை எடுத்து வேட்டியில விட்ட கதையா, நல்ல வேலை பார்த்திருக்கீங்க" என்று கத்தினேன். பெட்டியின் மூலையில் இருந்த பெருக்கல் குறியை அமுக்கினேன். மூடவில்லை, கூட ஒரு பெட்டி வந்தது. பிரின்ட் கொடுத்தேன். பிரின்டருக்கு வைரஸ் என்றது. பென்ட்ரைவில் எடுக்கப் போனேன், அந்தக் கதவையும் சாத்தியது. கோபத்தில் கை பட்டுக் கால்குலேட்டரைத் திறந்துவிட்டேன், கால்குலேட்டருக்கும் வைரஸாம். இருந்த எல்லாவற்றுக்கும் நோய், அது ஒன்றுதான் ஆரோக்கியம்!

எங்களுக்குக் கம்ப்யூட்டர் பார்க்கிற மெக்கானிக் மலையாளி. அவருக்குப் போன் போட்டேன். கேட்டுவிட்டுச் சிரித்தார். "சேச்சி, அது ஆன்ட்டிவைரஸ் ஒன்னுமல்ல. அது தன்னெயா வைரஸ்!" அதுவேதான் வைரஸாம். நெட் வயரைப் பிடுங்கச் சொன்னார், காசு கட்டக் கூடாது, பென்ட்ரைவ் எதையும் குத்தக் கூடாது, சாயங்காலம் வருகிறேன் என்றார். சாயங்காலம் வந்து என்ன செய்ய? டெம்போ கிளம்பிவிடுமே. காவல்காரன் வேஷத்தில் வந்த திருடனைக் கதவு திறந்து நாற்காலி போட்டு உட்கார வைத்திருக்கிறார் எங்கள் வீட்டு மனுஷன், அவ்வளவுதான் விஷயம்.

நெட் வயரைப் பிடுங்கினேன். அதற்குத்தான் கோபம் வந்ததோ என்னவோ, பெட்டி சைரன் ஊத ஆரம்பித்தது. சும்மா சைரன் இல்லை. பழைய பாட்டு கேட்பதற்காக இவர் கம்ப்யூட்டரோடு இரண்டு பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளை இணைத்து வைத்திருந்தார். ஆம்புலன்ஸ் கடைக்குள் வந்து நின்ற மாதிரி அலறியது. குறைக்கிறேன் என்று போய் இவர் வால்யூம் குமிழைத் தப்பான பக்கம் திருப்பினார். மல்லி மண்டியில் ஒருவர் கையிலிருந்த டீ கொட்டியது.

"கரண்டை ஆஃப் பண்ணிடுகேன்" என்று இவர் பாய்ந்தார். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அணைக்காதீங்க! எம்பத்திரிகை அதுக்குள்ள இருக்கு!" அவள் சொன்னது சரி. அணைத்தால் அந்தப் பெட்டி எதையும் மறுபடி திறக்க விடாது. ஸ்பீக்கருக்குத் தனி சுவிட்ச் உண்டு. அது அட்டைக் கட்டுகளுக்குப் பின்னால் எங்கேயோ. இவர் அட்டைக் கட்டுகளை இறக்க ஆரம்பித்தார்.

அதற்குள் தெரு கூடிவிட்டது. மூட்டை தூக்குகிற சுமட்டுக்காரர்கள், மண்டிக்காரர்கள், சாலைக் கடைத்தெருவுக்கு வந்தவர்கள், போனவர்கள். தீப்பிடித்துவிட்டது என்று யாரோ சொல்ல, ஒருவர் மணல் வாளியோடு வந்துவிட்டார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு, தோளில் துண்டு, காதில் பேனாவோடு ஒருத்தர் தலையை உள்ளே நீட்டினார்.

"எங்கவே தீ?"

அண்ணன்!

தேடிப் போக நினைத்த மனுஷன் கடை வாசலில் நிற்கிறார். அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவரும் இவளைப் பார்த்துவிட்டார். கண்ணை எடுத்துவிட்டு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் திரையைப் பார்த்தார். பார்த்தது பத்திரிகை. மேலிருந்து படித்தார். மருமகள் பெயர் இருந்தது, மாப்பிள்ளை பெயர் இருந்தது, அப்பா அம்மா பெயர் இருந்தது. அதற்குக் கீழே தாய்மாமன் பெயர் வர வேண்டிய இடத்தில், சரியாக அந்த இடத்தில், சிவப்புப் பெட்டி. முகம் அப்படியே இறுகிவிட்டது.

"போன தடவை லட்சுமி. இந்தத் தடவை செவப்புப் பெட்டி" என்றார். "செரி. எனக்கு எடம் இல்லைன்னு எனக்குத் தெரியும்லா." திரும்பிவிட்டார்.

அக்கா வாயைத் திறந்தாள், சைரனில் ஒன்றும் கேட்கவில்லை. அவர் படி இறங்கப் போனார். எனக்கு வந்ததே ஒரு கோபம்! வைரஸ் மேலா, வீட்டுக்காரர் மேலா, இந்த அண்ணன் மேலா என்று எனக்கே தெரியவில்லை.

"அண்ணாச்சி, நில்லுங்க!" சைரனை விட நான் சத்தமாகக் கத்தியிருக்க வேண்டும், அவர் நின்றுவிட்டார். "உங்க பேரைப் பெரிசாக்கு பெரிசாக்குன்னு உங்க தங்கச்சி எம்பிராணனை வாங்கியிருக்கா. படிக்காமலே போறீங்களே, என்ன மனுஷன் நீங்க!"

மவுஸைப் பிடித்தேன். மூட முடியாது என்று தெரியும். ஆத்திரத்தில் பெட்டியின் தலையைப் பிடித்து இழுத்தேன். அட, நகருகிறது! தரதரவென்று இழுத்துக்கொண்டு போய் வலது மூலையில் தள்ளினேன். கூட வந்த குட்டிப் பெட்டியையும் இழுத்து அதன் மேலே போட்டேன். அடியிலிருந்து வெளியே வந்தது. "தாய்மாமன்" என்று ஒரு வரி, அதற்குக் கீழே அவர் பெயர், மாப்பிள்ளை பெயரை விடப் பெரிசாக.

அவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். கிட்டே வந்து படித்தார். மறுபடி படித்தார். கூட்டமும் சேர்ந்து படித்தது, தமிழ் தெரியாத சுமட்டுக்காரர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

"கடைப் பேரு போடலியே" என்றார்.

"போடுகேன் அண்ணாச்சி, போடுகேன்" என்றேன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

மேஜையில் கிடந்த பழைய பத்திரிகை அப்போதுதான் அவர் கண்ணில் பட்டது. கையில் எடுத்தார். "இது நான் போட்டதுல்லா?"

"அந்த எழுத்தைத் தேடிப் போய்த்தான் இந்தச் சனியன் வந்துச்சு. அதே எழுத்துல போட்டா உங்களுக்கு ஞாபகம் வரும்னு உங்க தங்கச்சி சொன்னா" என்றேன்.

அவர் அந்தக் காகிதத்தின் மடிப்பை விரலால் நீவினார். "மறந்திருந்தால்லா ஞாபகம் வரணும்" என்றார்.

அந்த நேரம் பார்த்து அட்டைக் கட்டுகளுக்குப் பின்னால் இவர் சுவிட்சைக் கண்டுபிடித்துவிட்டார். சைரன் பட்டென்று நின்றது. அக்கா விசும்புகிற சத்தம் மட்டும் கடை முழுக்கக் கேட்டது.

அவள் தட்டைப் பார்த்தாள். தட்டில் எல்லாம் இருந்தது, பத்திரிகை மட்டும் இல்லை. என்னைப் பார்த்தாள், நான் பிரின்டரைப் பார்த்தேன். பிறகு யாரும் எதிர்பாராத ஒன்றைச் செய்தாள். விரலை மஞ்சள் கிண்ணத்தில் தொட்டு, மானிட்டரின் நாலு மூலையிலும் பொட்டு வைத்தாள். வலது மூலையில் அந்தச் சிவப்புப் பெட்டி இன்னும் மின்னி மின்னி மிரட்டிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்திலும் ஒரு பொட்டு வைத்துவிட்டுத் தட்டை இரண்டு கையாலும் தூக்கினாள்.

"அண்ணே, பத்திரிகை இதுக்குள்ள மாட்டிக்கிட்டு. பெட்டியோட வைக்கேன். வந்து நின்னு நடத்தித் தரணும்."

அவர் மூக்கை உறிஞ்சினார். "இந்தப் பெட்டியைத் தூக்கிட்டு நான் எப்படி டெம்போவுல போக?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, தட்டை இரண்டு கையாலும் வாங்கினார். "பிள்ளைக்கு மாலை இந்தச் சாலைக் கடையில வாங்காதே. தோவாளைப் பூச்சந்தையில நான் சொல்லி வைக்கேன்" என்றார். தெருவில் டெம்போக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். அடிக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

சாயங்காலம் மெக்கானிக் வந்தார். கம்ப்யூட்டரைப் பார்ப்பதற்கு முன்னால் மஞ்சள் பொட்டைப் பார்த்தார். "பூஜை செய்தால் வைரஸ் போகுமோ சேச்சி?" என்று கேட்டார். நான் முறைத்ததும் குனிந்து வேலையைப் பார்த்தார். எல்லாவற்றையும் துடைத்துப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார், பழைய எழுத்துகளும் தப்பிவிட்டன. பூ பூத்த அந்தத் தலைப்பு எழுத்து மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை, இருக்கிற எழுத்தில்தான் பத்திரிகை வந்தது. என் வீட்டுக்காரர் இப்போதெல்லாம் எதை அமுக்குவதானாலும் என்னைக் கேட்டுத்தான் அமுக்குகிறார். ஆஸ்பத்திரி லிஃப்டில்கூட "அமுக்கட்டுமா?" என்று கேட்டு என் மானத்தை வாங்கினார்.

கல்யாணம் நன்றாக நடந்தது. மாமன் விடியும் முன்பே தோவாளை மாலையோடு வந்து நின்றார், பந்தலில் அத்தனை பேரையும் அதட்டினார்.

போன மாசம் அவர் தனியாக எங்கள் கடைக்கு வந்தார். பேரனுக்குக் காதுகுத்து. "எந்தங்கச்சி பேரு மேல வரணும். பெரிசா வரணும். லட்சுமி படம் வேண்டாம்" என்றார். நான் அடிக்கிறவரைக்கும் பக்கத்திலேயே நின்றார். முதல் காப்பி எடுத்துக் கொடுத்ததும் பையிலிருந்து தட்டையும் மஞ்சளையும் எடுத்தார், எல்லாம் கொண்டுவந்திருக்கிறார் மனுஷன். மானிட்டரைக் குனிந்து பார்த்தார். நாலு மூலையிலும் மஞ்சள் கறை அப்படியே இருந்தது. துடைக்க நான் யாரையும் விடுவதில்லை.

அந்தக் கறைகளின் மேலேயே புதிதாக ஒவ்வொரு பொட்டு வைத்தார். "முதல் அழைப்பு இதுக்குத்தான்" என்றார். பிறகு பத்திரிகையின் நாலு மூலையிலும் மஞ்சள் தொட்டுத் தட்டில் வைத்துக்கொண்டு, மாவுமில் இருக்கிற சந்துப் பக்கம் நடந்தார்.